நண்டு குடியிருக்கும் ஓடு, ஓடு குடியிருக்கும் மண்

அமெரிக்காவின் கடற்கரை ஊர்களில், சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் கடைகளில், கம்பிக் கூண்டுக்குள் கூட்டமாக ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு பிராணியை விற்பார்கள். முதுகில் ஒரு சங்கு, முன்னால் பருத்த ஊதா நிறக் கொடுக்கு. கரீபியத் தீவுகளில் பிடித்துக் கொண்டுவரப்படும் துறவி நண்டு அது. அறிவியல் பெயர் கோயனோபிட்டா கிளிப்பியாட்டஸ். கடலில் வாழும் உறவினர்களைப் போலன்றி, வளர்ந்தபின் தரையிலேயே வாழ்கிற இனம். வீட்டுக்குக் கொண்டுபோய் கண்ணாடித் தொட்டியில் மணலும் தேங்காய் நார்த்தூளும் பரப்பி விடுகிறார்கள். நண்டு வளர வளர வீடு மாற்றுமே என்று, முத்து போல மெருகேற்றிய நான்கைந்து ஓடுகளையும் கூடவே வாங்கிப் போடுகிறார்கள்.

சில மாதங்களில் ஒரு சந்தேகம் முளைக்கும். தொட்டிக்குள் போட்ட ஓடு மங்கிப்போய்விட்டது. விரலால் தடவினால் சுண்ணாம்புக் கட்டியைத் தொட்ட மாதிரி சொரசொரப்பு. வாய் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. அதே கடையில், அதே நாளில் வாங்கி அலமாரியில் அலங்காரத்துக்கு வைத்த ஓடு மட்டும் வாங்கிய மேனிக்கே மின்னுகிறது. நண்டு தின்றுவிட்டதா? கடைக்காரர் ஏமாற்றினாரா? பெரும்பாலும் இரண்டுமில்லை. ஓடு கிடந்த தரையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். தொட்டியின் அடியில் பரப்பும் மணல், நார், சருகு கலந்த அடுக்கை இந்தக் கட்டுரையில் 'படுகை' என்று சொல்லிக்கொள்வோம்.

விசாரணைக்கு முன் ஓட்டின் பூர்வீகம் தெரிய வேண்டும். துறவி நண்டு ஓட்டைச் செய்வதில்லை. அதன் தலைக்கும் கால்களுக்கும் மற்ற நண்டுகளைப் போலக் கெட்டியான கவசம் உண்டு. பின்னுடல் மட்டும் சுருண்ட, மெத்தென்ற தசைப்பை. அதை நுழைத்துக்கொள்ள, செத்துப்போன கடல் நத்தையின் ஓட்டைத் தேடிப் பிடிக்கிறது. ஓட்டைக் கட்டிய நத்தை உயிரோடு இருந்தவரை, அதன் உடலைப் போர்த்தியிருந்த மேலுறை என்ற மெல்லிய தசை, விளிம்பில் புதிது புதிதாகச் சுண்ணாம்புப் படிவத்தைச் சுரந்துகொண்டிருந்தது. விரிசல் விட்டால் உள்பக்கமிருந்து பூசி அடைத்தது. நத்தை செத்த நாளோடு அந்தக் கொத்தனார் வேலை நின்றுவிட்டது. நண்டு தன் சொந்தக் கவசத்தை உரித்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். ஓட்டுக்கு அதனால் ஒரு தூசு அளவுகூடச் சேர்க்க முடியாது. ஆகவே ஓட்டிலிருந்து போவது எல்லாம் போனது போனதுதான்.

ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கும் மேல் கால்சியம் கார்பனேட். மிச்சம், படிகங்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதம். நம் ஊரில் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தது இந்தக் கார்பனேட்டை நம்பித்தான். கடல் நத்தைகளின் ஓட்டில் இது பெரும்பாலும் அரகோனைட் என்ற படிக வடிவில் இருக்கிறது. வளர்ப்போர் விரும்பி வாங்கும் டர்போ இன ஓடுகளில் இன்னொரு சங்கதியும் உண்டு: வெளி அடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே வானவில் போல நிறம் மாறும் முத்துப்படலம் தெரியும். கடைகளில் 'முத்து ஓடு' என்று கூடுதல் விலைக்குப் போவது இதுதான். அதாவது, தொட்டிக்கு வருவதற்கு முன்பே அந்த ஓடு தன் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறது.

இப்போது படுகைக்கு வருவோம். அது ஓட்டை இரண்டு விதமாகத் தாக்குகிறது. ஒன்று உராய்வு, மற்றொன்று அமிலம்.

உராய்வைப் புரிந்துகொள்வது எளிது. ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் 1812-இல் ஓர் அளவுகோலை வகுத்தார். எந்தக் கனிமம் எதைக் கீறும் என்பதை வைத்து 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அரகோனைட்டின் இடம் 3.5-க்கும் 4-க்கும் இடையில். தொட்டிகளில் பரப்பும் சாதாரண மணல் குவார்ட்ஸ்; அதன் இடம் 7. கடினமானது மென்மையானதைக் கீறும். நண்டு ஒவ்வொரு இரவும் அந்த மணல்மேல் ஓட்டை இழுத்துக்கொண்டு நடக்கிறது, தோண்டுகிறது, புதைகிறது. ஓட்டின் எந்தப் பக்கம் தரையில் படுகிறதோ அந்தப் பக்கம் தேய்ந்து, காலப்போக்கில் ஒரு தட்டையான முகம் விழுகிறது. தொல்லுயிர் ஆய்வாளர்களுக்கு இந்தத் தேய்மானம் நல்ல தடயம். பாறையில் கிடைத்த ஒரு நத்தை ஓட்டில் அப்படி ஒருபக்கத் தேய்வு இருந்தால், நத்தை செத்தபின் அதில் ஒரு நண்டு குடியிருந்து இழுத்துத் திரிந்திருக்கிறது என்று முடிவு கட்ட அது உதவுகிறது. துறவி நண்டின் உடல் புதைபடிவமாக அரிதாகவே மிஞ்சும். அது இழுத்த தடம் மிஞ்சுகிறது.

பவளத் துண்டும் சிப்பித் துண்டும் நொறுங்கி உண்டான கார்பனேட் மணல் என்றால் கதை வேறு. அதன் கடினத்தன்மையும் ஓட்டின் கடினத்தன்மையும் ஏறக்குறைய ஒன்று. தேய்ந்தால் இரண்டும் சேர்ந்து தேயும். லட்சத்தீவின் வெள்ளைக் கடற்கரைகள் இந்த வகை. நம் கிழக்குக் கரையின் பழுப்பு மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் ஒரு சிட்டிகை மணல்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கார்பனேட்.

அந்த நுரைதான் இரண்டாவது தாக்குதலின் அடையாளம். அமிலம் பட்டால் கால்சியம் கார்பனேட் கரைந்து, கரியமில வாயு குமிழியாக வெளியேறும். தொட்டிக்குள் யாரும் வினிகர் ஊற்றுவதில்லை. ஆனால் ஈரமான படுகை தானே மெதுவாக அமிலம் தயாரிக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்தாலே சுத்தமான தண்ணீரின் பி.ஹெச் அளவு நடுநிலையான 7-இலிருந்து ஏறத்தாழ 5.6-க்கு இறங்கிவிடும். மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலோ, நுண்ணுயிர்கள் மூச்சுவிடுவதால், அந்த வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். போதாக்குறைக்குத் தேங்காய் நார்த்தூளும் சற்றே அமிலப் பக்கம் சாய்ந்தது, அதன் பி.ஹெச் பொதுவாக 5.5-க்கும் 6.8-க்கும் இடையில் இருக்கும். பொள்ளாச்சி நார் மில்களிலும் இலங்கையிலும் நார் உரித்தபின் மிஞ்சும் தூள்தான், கழுவி, காயவைத்து, 650 கிராம் செங்கற்களாக அழுத்தப்பட்டு உலகெங்கும் போகிறது. விவசாயத்துக்குப் போனது போக ஒரு பங்கு பல்லிக்கும் ஆமைக்கும் நண்டுக்கும் மெத்தையாகிறது.

அப்படியானால் கடலடியில் இருக்கும்போது ஓடு ஏன் கரைவதில்லை? உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் தண்ணீர் இனி ஏற்காது. அதற்குமேல் போடும் கல் உப்பு அடியில் அப்படியே கிடக்கும். அதைத் தெவிட்டிய கரைசல் என்று பள்ளியில் படித்திருப்போம். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீர், அரகோனைட்டைப் பொறுத்தவரை, தெவிட்டிய நிலையையும் தாண்டியது, பி.ஹெச் அளவும் 8.1 ஒட்டி, காரப் பக்கம். அங்கே கிடக்கும் ஓட்டிலிருந்து எடுத்துக்கொள்ளத் தண்ணீருக்குத் தேவையில்லை. தொட்டியின் ஈரமோ நன்னீர், கால்சியத்துக்குப் பசித்த நீர். ஓட்டைக் கடலிலிருந்து தரைக்குக் கொண்டுவந்த நிமிஷமே அது வேறு சட்டதிட்டம் உள்ள ஊருக்கு வந்துவிட்டது.

தண்ணீர்கூடப் படாமல் ஓடுகள் கரைந்த ஒரு சம்பவம் உண்டு. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வந்தர்களுக்குச் சங்கு சேகரிப்பது ஒரு பித்து. கருவாலி மரத்தில் அழகழகான இழுப்பறை அலமாரிகள் செய்து, பருத்திப் பஞ்சின்மேல் ஓடுகளை வைத்துப் பூட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திறந்தால் ஓட்டின்மேல் வெள்ளைப் பூஞ்சை போல ஒரு தூள். துடைத்தால் அடியில் அரித்த குழிகள். லோஃப்டஸ் செயின்ட் ஜார்ஜ் பைன் என்ற ஆங்கிலேயர் 1899-இல் இதைப்பற்றி எழுதினார். அவர் சந்தேகப்பட்டது பியூட்டிரிக் அமிலத்தை. 'பைன் நோய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஓர் ஓட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்று அஞ்சியவர்களும் உண்டு.

உண்மையான குற்றவாளி பிடிபட 1985 ஆனது. நார்மன் டென்னன்ட், தாமஸ் பெயர்ட் என்ற இருவர் அந்த வெள்ளைத் தூளைப் பகுப்பாய்வு செய்து, அது கால்சியம் அசிட்டேட், கால்சியம் ஃபார்மேட் வகை உப்புகள் என்று காட்டினார்கள். அசிட்டேட் என்றால் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் அமிலம். ஃபார்மேட் என்றால் ஃபார்மிக் அமிலம், எறும்புக் கடியில் உள்ளது. இரண்டும் எங்கிருந்து வந்தன? அலமாரி மரத்திலிருந்து. மரத்தின் நார்ச்சத்தில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் கூறுகள் ஈரப்பதத்தில் மெல்லப் பிரிந்து ஆவியாகின்றன. மூடிய இழுப்பறைக்குள் அந்த ஆவி தேங்கி, ஓட்டின்மேல் படர்ந்த கண்ணுக்குத் தெரியாத ஈரத்தில் கரைந்து, வேலையை ஆரம்பிக்கிறது. இன்று அருங்காட்சியகங்கள் சங்குகளை உலோக அலமாரிக்கு மாற்றிக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுதான்.

துறவி நண்டுத் தொட்டியை இப்போது இன்னொரு முறை பாருங்கள். மூடிய பெட்டி. வெதுவெதுப்பு. நண்டு செவுள் வழி மூச்சுவிடுவதால் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் ஒட்டி இருக்க வேண்டும். அடியில் நார், மேலே சருகு, ஏற மரக்கட்டை. இழுப்பறைக்குள் இருந்த அத்தனை பொருளும் இங்கே இருக்கிறது, அதைவிட அதிக ஈரத்தோடு. தொட்டி ஓட்டின் மங்கலுக்கு மர ஆவி எவ்வளவு பொறுப்பு, மண்ணின் கரியமில வாயு எவ்வளவு பொறுப்பு என்று பிரித்துச் சொல்ல ஒவ்வொரு தொட்டியையும் அளக்க வேண்டும். வேதியியல் செல்லும் திசையில் எனக்குச் சந்தேகமில்லை.

வேகம் என்ன என்பது அடுத்த கேள்வி. கிடக்கும் இடத்தைப் பொறுத்து ஓடு எப்படிச் சிதைகிறது என்பதை ஊகித்துச் சொல்வதில் திருப்தியில்லாத ஆய்வாளர்கள் சிலர், 1993-இல் மெக்சிகோ வளைகுடாவிலும் பஹாமா தீவுகளையொட்டிய கடலிலும் வலைப்பைகளில் ஓடுகளைக் கட்டி வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு தரையில் போட்டுவைத்தார்கள். சில பைகளை இரண்டு ஆண்டில் எடுத்தார்கள், சிலவற்றைப் பதின்மூன்று ஆண்டு கழித்து. சேற்றில் புதைந்ததற்கு ஒரு கதி, மணல்மேல் கிடந்ததற்கு ஒரு கதி. பதின்மூன்று ஆண்டு காத்திருக்கும் பொறுமையே ஒரு தனி ஆராய்ச்சிக்கு உரியது. பொதுவாகத் தெரிந்தது என்னவென்றால், முழு ஓடும் காணாமல் போவதற்கு வெகு காலம் பிடிக்கும். மேற்பரப்பு மாறுவதற்கு அவ்வளவு காலம் வேண்டாம்.

ஏன் மெருகு மட்டும் முதலில் போகிறது? முத்துப்படலம் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய அரகோனைட் தகடுகள். ஒவ்வொன்றின் தடிமன் ஏறத்தாழ அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒன்று. இந்த அளவு ஒளியின் அலைநீளத்தை ஒத்தது. அடுத்தடுத்த தகடுகளில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் அந்த நிறங்களை உண்டாக்குகின்றன. மேற்பரப்பில் ஒரே ஒரு மைக்ரான் ஆழத்துக்குச் சிறுசிறு குழிகள் விழுந்தாலே போதும். ஒளி கண்டபடி சிதறும், கண்ணுக்கு வெள்ளை மங்கலாகத் தெரியும். இரண்டு மில்லிமீட்டர் தடித்த ஓட்டில் ஒரு மைக்ரான் போனால் இழப்பு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. வலிமை குறையாது, எடையும் குறையாது. அழகு மட்டும் போய்விடும்.

வளர்ப்போர் குழம்புவது இங்கேதான். மங்கலைக் கண்டு பதறுகிறார்கள், வாயோரச் சில்லைக் கண்டும் பேசாமல் இருக்கிறார்கள். நண்டுக்கு எது முக்கியம் என்று கேட்டால் நேர்மாறாகப் பதில் வரும். தரைத் துறவி நண்டு தன் ஓட்டுக்குள் கொஞ்சம் தண்ணீரைச் சுமந்துகொண்டு திரிகிறது. செவுளை நனைப்பதும் பின்னுடலைக் காயாமல் காப்பதும் அந்தத் தண்ணீர். கியூராசவ் தீவில் இந்த இனத்தைப்பற்றி டச்சுக்காரரான டி வில்டே செய்து 1973-இல் வெளிவந்த விரிவான ஆய்வில் பெரும்பகுதி இந்த நீர்க் கணக்கைப் பற்றியது. ஆபத்து வந்தால் நண்டு உள்ளே ஒடுங்கி, ஊதாக் கொடுக்கை வாயிலில் கதவாகப் பொருத்திக்கொள்ளும். வாய் விளிம்பு உடைந்தால் கதவு சரியாகச் சாத்தாது. ஓட்டில் துளை விழுந்தால் தண்ணீர் ஒழுகும். இவை வெறும் அழகுப் பிரச்சினை இல்லை.

ஓட்டில் காணும் எல்லாச் சேதத்தையும் படுகையின் தலையில் கட்டவும் முடியாது. நண்டே ஓட்டைச் செதுக்கும். மார்க் லெய்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கோஸ்டா ரிகாவின் ஓசா தீபகற்பக் கடற்கரையில் கோயனோபிட்டா கம்ப்ரெஸஸ் என்ற இனத்தைப் பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதை விளக்கின. நண்டுகள் ஓட்டின் உள்ளே இருக்கும் நடுத்தண்டைச் சுரண்டி எடுத்துவிடுகின்றன, வாயை அகலப்படுத்துகின்றன, சுவரை மெலியவைக்கின்றன. உள்ளே இடம் கூடுகிறது, சுமை குறைகிறது. ஒரு நண்டின் ஆயுளோடு முடிகிற வேலையும் இல்லை இது. செதுக்கிய ஓடு கைமாறிக் கைமாறி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பெரிய நண்டுகள் இப்படிச் செதுக்கிய ஓடுகளையே நம்பி வாழ்கின்றன.

எனவே கையில் ஒரு பழைய ஓட்டை எடுத்தால் தடயங்களைப் பிரித்துப் படிக்கலாம். உள்ளே நடுத்தண்டு இல்லாமல் வழவழவென்று குடைந்திருந்தால் நண்டின் கைவேலை. அடிப்பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் மணல். எல்லாப் பக்கமும் ஒரே சீராக மங்கி, சுண்ணாம்பு படிந்தாற்போல் இருந்தால் அமிலம். கருப்பு, சாம்பல் கறை படிந்து, முட்டை அழுகிய வாடை வந்தால், படுகையின் அடியில் தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் கந்தகத்தைக் கிளப்பியிருக்கின்றன. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கறை அது. நான்கில் இதற்கு மட்டும் அன்றைக்கே கைவைக்க வேண்டும், ஓட்டுக்காக இல்லாவிட்டாலும் நண்டுக்காக.

தரை எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்குப் பெர்முடா தீவைவிட நல்ல சாட்சி இல்லை. நம் ஊதாக் கொடுக்கு நண்டு அங்கேயும் உண்டு. பெரிய நண்டுகளுக்கு ஏற்ற ஓடு, சிட்டேரியம் பைக்கா என்ற கனத்த கடல் நத்தையின் ஓடு. 1609-இல் ஓர் ஆங்கிலக் கப்பல் அங்கே மோதி நின்றதைத் தொடர்ந்து மனிதர்கள் குடியேறினார்கள். நத்தைக் கறி ருசியாக இருந்தது. காலப்போக்கில் ஒரு நத்தைகூட மிஞ்சவில்லை. நத்தை அழிந்தால் நண்டும் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. மணற்குன்றுகள் இறுகி உண்டான பாறையிலிருந்து அரித்து வெளியே விழும் பல பத்தாயிரம் ஆண்டு பழைய புதைபடிவ ஓடுகளைத் தேடியெடுத்து அதில் குடியிருந்தன. ஸ்டீபன் ஜே கூல்ட் தம் 'தி பாண்டாஸ் தம்ப்' நூலில் ஒரு கட்டுரையில் இந்த விசித்திரத்தை எழுதி உலகறியச் செய்தார். 1982-இல் வேறு தீவிலிருந்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அவை நிலைத்துவிட்டன.

அத்தனை ஆயிரம் ஆண்டு மழையில் அந்த ஓடுகள் ஏன் கரையவில்லை? பெர்முடாவின் மணல் முழுக்கக் கார்பனேட். மழைநீர் ஓட்டைத் தொடுவதற்கு முன் ஆயிரக்கணக்கான மணல் துகள்களைத் தொட்டு, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சம் கரைத்து, தெவிட்டிவிடுகிறது. வேதியியலில் இப்படி அமிலத்தை ஏந்திக்கொள்வதைத் தாங்கல் என்பார்கள். அகழாய்வாளர்கள் கடலோரக் கிளிஞ்சல் மேடுகளைக் கண்டால் மகிழ்வதும் இதனால்தான். சுற்றிலும் ஓடு இருந்தால் எலும்புகூடத் தப்பிக்கும்.

இதைத் தொட்டிக்குக் கொண்டுவரலாமா? முழுக்கக் கார்பனேட் மணலைக் கொட்டிவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். படுகை முதலில் நண்டுக்கு, பிறகுதான் ஓட்டுக்கு. நண்டு கவசம் உரிப்பதற்குத் தன்னைப் புதைத்துக்கொண்டு வாரக்கணக்கில், பெரிய நண்டென்றால் மாதக்கணக்கில் கிடக்கும். அதற்குத் தோண்டிய குகை இடிந்து விழாத ஈர மணல் வேண்டும், குறைந்தது ஆறு அங்குல ஆழத்துக்கு. அனுபவசாலிகள் ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு நார்த்தூள் என்று கலப்பது இதற்காகத்தான். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. கடைகளில் 'கால்சியம் மணல்' என்று விற்கும் சிலவகைத் தூள் ஈரம் பட்டால் கட்டியாக இறுகிவிடும். சரளைக்கல்லில் ஓடு பளபளப்பாக இருக்கலாம், நண்டு புதைய முடியாமல் செத்துப்போகும். இந்த இனத்தின் குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்பவை என்பதால் கடையில் விற்கும் நண்டு ஏறக்குறைய எல்லாமே கடற்கரையிலிருந்து பிடித்து வந்தவை; ஒன்று செத்தால் கணக்கு அங்கே குறைகிறது.

ஆகவே நடுவழி: வழக்கமான கலவையோடு நொறுக்கிய சிப்பி ஓட்டையோ, கிளிக்குக் கொடுக்கும் கணவாய் ஓட்டையோ பொடித்துச் சேர்க்கலாம். படுகையின் அமிலம் அந்தத் துகள்களை முதலில் தின்னும். நண்டும் அவற்றைக் கொறித்துக் கால்சியம் எடுத்துக்கொள்ளும். மாற்று ஓடுகளை நாரில் புதைத்து வைக்காமல் ஒரு தட்டில் மேலே வைத்தால் ஈரம் குறையும். சாயம் பூசிய ஓடுகளை வாங்கவே வேண்டாம். மணல் உரசி உதிரும் சாயத்தை நண்டு தின்னும்.

மங்கிய ஓட்டைத் தூக்கி எறியும் முன் இன்னும் ஒன்று. லெய்டரின் நண்டுகள் தேடித் திரிந்தது புத்தம்புது ஓட்டை அல்ல. பல நண்டுகள் சுரண்டி, மெலிந்து, வாய் அகன்று, எடை குறைந்த ஓட்டைத்தான். அவை பார்த்தது உள்ளிடத்தையும் எடையையும். ஓட்டை ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், விளிம்பில் விரலை ஓட்டிச் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கழுவி, தட்டிலேயே திரும்ப வைத்துவிடலாம்.